குங்குமம் போக மீதி

எங்கள் லேபில் சாமி படம் மாட்டாத இடம் கழிவறை ஒன்றுதான். பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கும் ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது அது. வெளிநாட்டுக்குக் கப்பலேறும் மீனையும் இறாலையும் பரிசோதித்து, "இதைத் தின்றால் ஒன்றும் ஆகாது" என்று சான்றிதழ் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி அனந்தபத்மநாபன், மாநில அரசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை, மீன் கடை இருக்கும் தெருவில் நடந்ததில்லை, மீன் என்ற சொல்லையே வாயில் வைக்க மாட்டார். "ஸாம்பிள்" என்பார். இறாலும் ஸாம்பிள், கணவாயும் ஸாம்பிள், ஆள் உயரத்துக்கு வந்து இறங்கும் சூரையும் ஸாம்பிள்தான்.

அப்படிப்பட்ட மகானுபாவர் ஏன் மீன் லேப் வைத்தார் என்று கேட்கலாம். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். அதற்கு முந்தைய வருஷம்தான் ஐரோப்பாக்காரர்கள் நம் ஊர் மீனைப் பார்த்து முகம் சுளித்திருந்தார்கள். எக்ஸ்போர்ட்டர்கள் எல்லாம் சான்றிதழ் சான்றிதழ் என்று அலைந்தார்கள். அலைகிறவர்கள் போகிற வழியில் கடை போட்டால் வியாபாரம் நடக்கும் என்பது அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவருக்குத் தெரியாதா?

நான் நிருபமா. பாதரசம், ஈயம், காட்மியம் என்று மீனுக்குள் ஒளிந்திருக்கும் உலோகங்களைத் தேடிப் பிடிக்கிற இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. நானும் சைவம்தான், ஆனால் மீனை மீன் என்றே சொல்வேன். நான் எடுக்கிற எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடும் அதிகாரம் ஃபிராங்க்ளினுக்கு. காக்ஸ் டவுன்காரர், நல்ல படிப்பாளி, சாது. யார் எதைச் சொன்னாலும் முதலில் "ஓகே சார்" என்பார். என்ன சொன்னார்கள் என்பதை அப்புறம் உட்கார்ந்து யோசிப்பார். அவர் மனைவி லீனாவுக்கு அந்தச் சமயம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. சிசேரியன். லீனாவின் அம்மா வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டார்; பெட்டி என்பது அவர் பெயர், எங்களுக்குப் பெட்டியம்மா.

லேபில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்தது போக ஸாம்பிளில் நிறைய மிஞ்சும். தேறாத ஸாம்பிளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்; அதைக் கொல்லைப்புறத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட வேண்டும். தேறிய ஸாம்பிளுக்குப் பச்சை ஸ்டிக்கர். அதை அசைவம் சாப்பிடும் ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முதலாளியே போட்ட உத்தரவு. "ஆகாரத்த வீணாக்கப்படாது. நமக்கு ஆகாது, அவாளுக்கு ஆகும்" என்பார். உலகத்தில் எல்லாவற்றையும் இப்படி நமக்கு, அவாளுக்கு என்று இரண்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டால் மனசு லேசாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அமர்க்களமாக நடந்தது. வாசலில் வாழை மரம், கணினி மேலே மாவிலை, ஆளுக்கொரு பொட்டலம் கடலேபுரி என்கிற பொரி. அதுவரைக்கும் சரி. என் இயந்திரத்துக்கும் சந்தனம் தடவி, அதன் நெற்றி என்று முதலாளி முடிவு செய்த இடத்தில் பெரிதாகக் குங்குமம் வைத்தார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு உலோகத்தைக் கண்டுபிடிக்கிற இயந்திரம் அது. அந்த அறைக்குள் செருப்புப் போட்டு வந்தாலே நான் கத்துவேன்.

"சார், இங்க குங்குமம் வேண்டாம். தூள் பறக்கும். ரீடிங்ல வரும்" என்றேன்.

"தாயார் குங்குமம்மா இது! இதுலயா தோஷம் வரும்? நாஸ்திகா மாதிரி பேசாதே" என்றார். சொல்லிவிட்டு எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு பகல் முழுக்கச் செலவழித்து இயந்திரத்தைத் துடைத்தேன், குழாய்களைக் கழுவினேன்.

அந்த வாரமே மங்களூர் எக்ஸ்போர்ட்டர் ஒருவரிடமிருந்து சுறா வந்தது. ஒரு கன்டெய்னர் நிறைய சுறாத் துண்டங்கள் துறைமுகத்தில் காத்திருந்தன. எங்கள் சான்றிதழ் போனால் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் ஏறும். நான் பாதரசம் பார்த்தேன். ஐரோப்பாக்காரர்கள் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வரைக்கும் அனுமதிப்பார்கள். சுறாவில் கிட்டத்தட்ட நாலு இருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடலில் கலக்கும் பாதரசம் சின்ன மீனுக்குள் போகும். சின்ன மீனைத் தின்ற மீனுக்குள் சேரும். கடைசியில் எல்லாம் சுறாவின் உடம்பில் வந்து குவியும். நம் ஊர் கமிஷன் ஏற்பாடும் இப்படித்தான், கீழே இருப்பவன் வாங்குவது எல்லாம் மேலே போய்ச் சேரும். ஆனாலும் மறுபடி செய்து பார்த்தேன். அதே எண். கூடவே வைத்த இறாலில் ஒன்றுமில்லை. மீனே போடாமல், மீனைக் கரைக்கிற அமிலத்தை மட்டும் எல்லாப் படியிலும் கொண்டுபோய் ஒரு சோதனை வைப்போம். அழுக்கு எங்கள் பக்கம் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் சுத்தமாக இருந்தது. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன்.

எக்ஸ்போர்ட்டர் போன் செய்தார். போன் பேசும்போது முதலாளி நாற்காலியில் இருந்து எழுந்து நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வைத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். இயந்திரத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்தார். அவர் முகத்தில் ஞானம் உதித்தது.

"நிருபமா, ஆயுத பூஜைக்குக் குங்குமம் வெச்சோமோல்லியோ?"

"வெச்சீங்க சார்."

"குங்குமத்துல என்ன இருக்கு தெரியுமோ? அந்தக் காலத்துல சாதிலிங்கம் சேர்ப்பா. சாதிலிங்கம்னா என்ன? பாதரசம்! நீ அன்னிக்கே சொன்னே. நான்தான் கேக்கல. பெரியவா சொன்னாலும் சின்னவா சொன்னாலும் நல்லதக் கேட்டுக்கணும்."

அங்கே பார்த்த உத்தியோகத்தில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்லை அந்த மனுஷர் கேட்டார். அதுவும் இப்படி.

"சார், குங்குமம்னா இறால்லயும் வரணும். வெறும் அமிலத்துலயும் வரணும். ரெண்டும் சுத்தமா இருக்கு. குங்குமத்துக்கு சுறான்னா தனியா ஆசையா?"

"தூள்தானேம்மா. எங்க விழும்னு யார் கண்டா?"

"சரி, அந்தக் குங்குமத்தையே டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்." காட்டினேன். குங்குமப் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததைக் கரைத்து இயந்திரத்தில் ஏற்றினேன். பாதரசம் பெயருக்குக்கூட இல்லை. மட்டமான சாயம், என் விரலில் பட்ட சிவப்பு மூன்று நாள் போகவில்லை.

அவர் அசரவில்லை. "இது வேற பொட்டலம்மா. அன்னிக்கு வெச்சது மேல்கோட்டைக் கோயில்ல இருந்து வந்தது. அது தீந்துபோச்சு" என்றார்.

இதில் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனிடம் வாதாடி ஜெயித்துவிடலாம். அவர் மனப்பூர்வமாக நம்பினார். தனக்கு வசதியான ஒன்றை ஐந்து நிமிஷத்துக்குள் மனப்பூர்வமாக நம்பிவிடும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. சாயங்காலம் இயந்திரத்துக்கு முன்னால் கைகூப்பி நின்று தாயாரிடம் மன்னிப்புகூடக் கேட்டார். அப்புறம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். நாலில் மூன்றேகால் குங்குமத்தால் வந்தது என்று கழித்தார். குங்குமம் போக மீதி முக்கால். முக்கால் ஒன்றைவிடக் குறைவு. சுறா தேறிவிட்டது.

"மூணேகால் எங்கேர்ந்து சார் வந்தது?" என்று கேட்டேன்.

"கழிக்க வேண்டியதக் கழிச்சாத்தானேம்மா நிஜமான விடை வரும்" என்றார்.

அந்த முக்காலை ரிப்போர்ட்டில் நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்தை யாரும் கேட்கவும் இல்லை. ஃபிராங்க்ளினைத் தாழ்வாரத்தில் பிடித்தேன்.

"ஃபிராங்க்ளின், போடாதீங்க. உங்களுக்குத் தெரியும் அந்த நம்பர் நிஜம்னு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும் மேடம். இப்பதான் குழந்தை பொறந்திருக்கு. இந்த நேரத்துல வேலைய விட்டுட்டு நான் எங்க போய் நிப்பேன்? எவனோ தூர தேசத்துல சாப்பிடப் போறான். ஒரு வேளை சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது."

கையெழுத்துப் போட்டார். "ஓகே சார்" என்றார். இந்த முறை யோசித்துவிட்டுத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. முதலாளி ஒழுங்குக்குப் பேர் போனவர். தானே ஃப்ரீசரைத் திறந்து, சுறாப் பொட்டலத்தின் மேல் இருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பச்சையை ஒட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபிராங்க்ளின் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகலாம் என்று முதலாளியே என்னைக் கூப்பிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் குழந்தை என்ன பாவம் செய்தது? தொம்மலூரில் என் வீட்டுக்குப் பத்மினி காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் பூப்போட்ட பரிசுக் காகிதம் சுற்றிய தெர்மோகோல் பெட்டி ஒன்று இருந்தது. ஏதோ கண்ணாடிச் சாமான், உடையாமல் இருக்கப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

காக்ஸ் டவுன் வீட்டில் ஃபிராங்க்ளின் இல்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்கச் சர்ச்சுக்குப் போயிருந்தார். பெட்டியம்மா வாசலுக்கு ஓடி வந்து வரவேற்றார். முதலாளி பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தார். நான் உள்ளே லீனாவிடம் போய் உட்கார்ந்தேன். குழந்தை உள்ளங்கை அகல முகத்தோடு, உலகத்தின் மேல் ஒரு புகாரும் இல்லாமல் தூங்கியது. லீனா களைத்துப் போயிருந்தாள்.

"பால் பத்தலக்கா. ராத்திரியெல்லாம் அழறா" என்றாள். "மம்மி தினம் ஒண்ணு செஞ்சு குடுக்கறாங்க. இன்னிக்கு சார் கொண்டாந்ததப் பாத்து ஒரே சந்தோஷம் அவங்களுக்கு."

நாங்கள் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் சமையலறையில் இருந்து வந்த வாசனை எனக்கு எட்டியது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய். அதற்கடியில், லேபில் தினமும் என் மேல் அடிக்கும் வாசனை. எழுந்து ஓடினேன். பெட்டியம்மா வேகவைத்த சுறாவைத் தோல் உரித்து உதிர்த்து வாணலியில் கிளறிக்கொண்டிருந்தார். பரிசுக் காகிதம் மேடையில் கிடந்தது. பக்கத்தில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய எங்கள் பொட்டலம்.

"பால் சுறா இன்னும் நல்லது. இது பெரிய சுறா போல இருக்குது" என்றார் பெட்டியம்மா. "பரவால்ல, சுறா சுறாதான். புட்டு செஞ்சு குடுத்தா பால் ஊறும். மிச்சம் இருக்கறத ஃப்ரிஜ்ல வெச்சு டெய்லி குடுப்பேன்."

"ஆன்ட்டி, அதக் குடுக்காதீங்க. அதுல பாதரசம் இருக்கு. பால் வழியா குழந்தைக்குப் போகும். குழந்தை மூளைக்குக் கெடுதல்."

பெட்டியம்மா கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார், அப்புறம் சிரித்துவிட்டார். "நீங்க வெஜிடேரியன்மா. உங்களுக்கு மீனப் பாத்தா அப்படித்தான் தோணும். நான் மூணு பெத்தேன், மூணுக்கும் சுறாதான் தின்னேன்."

"இது அப்படி இல்ல ஆன்ட்டி. நானே டெஸ்ட் பண்ணேன்."

கூடத்தில் இருந்து முதலாளி சமையலறை வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை, மூக்கின் மேல் கைக்குட்டை இருந்தது. கைக்குட்டைக்குப் பின்னால் இருந்து கனிவாகப் பேசினார்.

"பயப்படாதீங்கோம்மா. அது குங்குமத்தால வந்தது, கழிச்சாச்சு. டிரைவர் சொன்னான், பிள்ளை பெத்தவாளுக்கு இந்த ஸாம்பிள் ரொம்ப நல்லதாம். அதான் வேற யாருக்கும் குடுக்காம நேரா இங்க கொண்டு வந்தேன். சும்மா கடைல வாங்கினது இல்ல. சான்றிதழ் இருக்கு. உங்க மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அப்புறம் என்ன!" என்றார் பெட்டியம்மா.

ஒரு பக்கம் மீனே தின்னாத நான். இன்னொரு பக்கம் சான்றிதழ், பச்சை ஸ்டிக்கர், மாப்பிள்ளையின் கையெழுத்து, மூன்று பிள்ளை பெற்ற அனுபவம். அந்த வீட்டில் நான் தேறவே வழியில்லை. பெட்டியம்மா தட்டில் புட்டை அள்ளி வைத்துக்கொண்டு லீனாவின் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போய் லீனாவின் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

ஃபிராங்க்ளின் அப்போது வீட்டுக்குள் வந்தார். முதலாளியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாசனை அவருக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க" என்றார் பெட்டியம்மா. "இந்தம்மா குடுக்கக் கூடாதுங்குது. சார் குடுக்கலாங்கறாரு. நீங்கதானே சைன் போட்டது?"

ஃபிராங்க்ளின் வாயைத் திறந்தார். முதலாளி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார், பாசத்தோடுதான். திறந்த வாய் மூடிக்கொண்டது. சட்டென்று பெட்டியம்மா கையில் இருந்த தட்டை வாங்கினார். நின்றபடியே தின்ன ஆரம்பித்தார். அள்ளி அள்ளி, மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். பிள்ளை பெற்றவளுக்கு வைத்ததைப் பிடுங்கித் தின்னும் மாப்பிள்ளையைப் பார்த்துப் பெட்டியம்மா திகைத்துப் போனார். எனக்கு மட்டும் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததை அந்த மனுஷர் வயிற்றில் போட்டுப் புதைக்கப் பார்த்தார்.

முதலாளி பூரித்துப் போனார். "பாத்தேளா! கையெழுத்துப் போட்டவரே சாப்பிடறார். இதுக்கு மேல என்ன கியாரண்டி வேணும்?"

"அதானே!" என்று பெட்டியம்மாவும் தெளிந்துவிட்டார். "நல்ல வேள, நெறைய செஞ்சேன். இரு லீனா, உனக்கு வேற தட்டுல கொண்டாறேன்."

அவர் சமையலறைக்குத் திரும்பினார். ஃபிராங்க்ளினின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கன்னத்துக்குள் ஒரு கவளம் இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்த மனுஷர் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலும் பரிதாபமும் சேர்ந்தே வருகின்றன.

"மம்மி, வேண்டாம்" என்றார். மறுபடி சத்தமாகச் சொன்னார். "மம்மி! குடுக்காதீங்க. நிருபமா மேடம் சொல்றதுதான் நிஜம். நான் போட்ட கையெழுத்து பொய்."

முதலாளியின் முகம் குழந்தை முகம்போல் சுருங்கியது. நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது அவருக்கு. "ஃபிராங்க்ளின்! உன் கையெழுத்த நீயே நம்பலேன்னா நான் எப்படி லேப் நடத்தறது? அது குங்குமம்டா..."

"குங்குமம் இல்ல சார். உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

பெட்டியம்மா வாணலியில் இருந்ததையும் ஃப்ரிஜ்ஜில் வைத்ததையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி மாப்பிள்ளை முன்னால் வைத்தார். "நாய் பூனைக்குக்கூடப் போட முடியாதா?" என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். ஃபிராங்க்ளின் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், பப்பாளி மரத்தடியில் குழி வெட்ட ஆரம்பித்தார். லேப் விதிப்படி அந்த ஸாம்பிள் கடைசியில் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சுண்ணாம்பு மட்டும் இல்லை.

லீனா மெதுவாகக் கட்டிலில் இருந்து இறங்கினாள். தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வரை வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கூட வந்தேன். அவள் சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இந்த மீன் நம்ம வீட்டுக்கு வந்திருக்கலேன்னா சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

ஃபிராங்க்ளின் குனிந்தபடியே இருந்தார். மண்ணை இழுத்து மூடினார். மூடிய இடத்தையே மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"மிச்ச மீன் எங்க இருக்கு?"

"துறைமுகத்துல" என்று நான் சொன்னேன். "நாளைக்குக் கப்பல்."

லீனா என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது விழித்துக்கொண்டு வாயைத் திறந்து பாலைத் தேடியது. "அது போற ஊர்லயும் யாராச்சும் பிள்ள பெத்திருப்பாங்க" என்றாள். அப்புறம் புருஷனிடம், கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வரச் சொல்லும் அதே சாதாரணக் குரலில், "முக்குல ஃபேக்ஸ் கடை இன்னும் மூடியிருக்க மாட்டான்" என்றாள்.

ஃபிராங்க்ளின் கை கழுவினார். கூடத்தைத் தாண்டும்போது முதலாளி நாற்காலியில் இருந்து எழுந்தார். "யோசிச்சுக்கோ ஃபிராங்க்ளின். சான்றிதழ நீயே வாபஸ் வாங்கினா திங்கக்கிழமை லேப் பக்கம் வராதே" என்றார்.

ஃபிராங்க்ளின் அவரைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் "ஓகே சார்" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

சான்றிதழ் எண் அவருக்கு நினைவில் இருக்காது, எனக்கு இருக்கும். அதனால் நானும் கூடப் போனேன். தெருவில் நடக்கும்போது அவர் வாயில் இன்னும் அந்த மீன் வாசனை அடித்தது.